முதல் 37 நிமிடம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்

ஊட்டி இந்துநகரில் பூட்டிக் கிடக்கிற பிலிம் பேக்டரியை மூடுபனி இறங்கிய நாளில் தாண்டிப் போகிறவர்களுக்கு, இங்கே ஒரு பேய்ப்படம் எடுக்கலாமே என்று தோன்றாமல் இருக்காது. ஜப்பானில் ஷினிச்சிரோ உயேதா கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார். பாழடைந்த தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம், அதிகம் தெரியாத முகங்கள், எட்டு நாள் படப்பிடிப்பு, 30 லட்சம் யென் செலவு. அன்றைக்கு நம் காசில் 20 லட்சத்துக்கும் கீழே. 2017இல் வந்த அந்த 96 நிமிடப் படம் 'ஒன் கட் ஆஃப் தி டெட்'. ஊட்டியிலேயே கதை நடக்கும் 'மிருதன்' பார்த்தவர்களுக்கு ஜோம்பி புதிதில்லை. ஆனால் இது வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிற ரகம்.

முதல் 37 நிமிடமும் ஒரே ஷாட், நடுவில் வெட்டே கிடையாது. 35 எம்எம் பிலிமில் ஆயிரம் அடி ரோல் சுமார் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இந்துநகர் பேக்டரி ஓடிய காலத்துக் கேமராவாக இருந்தால் நடுவில் மூன்று தடவை ரோல் மாற்ற வேண்டியிருக்கும். டிஜிட்டல் வந்ததால்தான் இது சாத்தியம்.

சிக்கல் என்னவென்றால், அந்த 37 நிமிடமும் பார்க்கச் சுமாராக இருக்கும். ஜோம்பி படம் எடுக்கப் போன குழுவை நிஜ ஜோம்பி தாக்குகிறது, கதை அவ்வளவுதான். நடிகர்கள் திடீரென்று கதையை விட்டுவிட்டு, 'உங்கள் பொழுதுபோக்கு என்ன' என்கிற ரீதியில் பேசிக்கொண்டு நிற்பார்கள். ஒலிப்பதிவாளர் காரணமே இல்லாமல் வெளியே ஓடப் பார்ப்பார். கேமரா சற்று நேரம் தரையில் கிடக்கும். பிறகு பெயர்கள் ஓடும். படம் முடிந்துவிட்டது என்று டிவியை அணைத்துவிடாதீர்கள்.

கதை ஒரு மாதம் பின்னால் போகிறது. நாம் பார்த்தது ஒரு டிவி சேனலின் நேரலை; கட் சொல்லவே முடியாது. கடைசிப் பகுதியில் அதே நேரலையைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம். ஒலிப்பதிவாளர் வேடக்காரர் ஒத்துக்கொள்ளாத தண்ணீரைக் குடித்துவிட்டார், வயிறு கலக்குகிறது. இன்னொருவர் குடித்துவிட்டு நிற்க முடியாமல் இருக்க, பின்னாலிருந்து தாங்கிப் பிடித்து ஜோம்பியாக நடக்க வைக்கிறார்கள். கேமராக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. முன்னே முகம் சுளித்த ஒவ்வொரு இடத்துக்கும் இங்கே காரணம் கிடைக்கிறது. இந்தக் கடைசிப் பகுதி, திருட்டுத்தனமாக மேடைக்குப் பின்னால் நின்று நாடகம் பார்ப்பது மாதிரி.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைப்பது, கதைக்குள் அந்த நேரலையை எடுக்கிற இயக்குநர் ஹிகுராஷியால். 'வேகமாக, மலிவாக, சுமாராக' எடுத்துத் தருவேன் என்பதுதான் அவர் தொழில் விளம்பரமே. யாரிடமும் எதிர்த்துப் பேசாத மனுஷன். அவர் மகளோ, படப்பிடிப்பில் ஒரு குழந்தை நிஜக் கண்ணீர் விட்டே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆள், அப்பாவை மதிப்பதில்லை. முதல் பகுதியில் ஹிகுராஷி கதாநாயகன்மேல் எகிறுகிற காட்சி மிகை நடிப்பாகத் தெரியும். இரண்டாம் முறை பார்க்கும்போது அது நடிப்பில்லை என்று புரிகிறது. வருஷக்கணக்காக விழுங்கிய கோபம், நேரலையில் கொட்டுகிறது. கடைசி ஷாட் மேலே ஏறும்போது லேசாக ஆடும். ஏன் ஆடுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதப்போவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. 'ஒரு மாதத்துக்கு முன்' பகுதி இழுவை. அதைத் தாண்டாமல் பலன் கிடையாது என்றாலும் பத்து நிமிடம் வெட்டியிருக்கலாம். வெட்டிய கை, தலை எல்லாம் பறக்கும். பொம்மைத்தனமாகத்தான் இருக்கும், ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். 2022இல் பிரெஞ்சு மறு ஆக்கமும் வந்தது. அதை முதலில் பார்த்தால் எல்லாம் பாழ்.

தனியாகப் பார்க்கிற படமில்லை, நாலைந்து பேர் வேண்டும். சப்டைட்டில் வேகமாக ஓடும், போனை ஓரம் வையுங்கள். மழைக்காலத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மரம் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். முன்கூட்டியே டவுன்லோடு செய்து, டீயும் வர்க்கியும் எடுத்துவைத்துவிட்டு ஒரே மூச்சில் பாருங்கள். முடிவில் பெயர்கள் ஓடும்போதும் எழுந்திருக்க வேண்டாம்: அந்த 37 நிமிடத்தை நிஜமாகவே எடுத்தவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடுவது அங்கேதான் வருகிறது.