குன்னூர் ஈரத்துக்கு எந்த வாலட் தாங்கும்?

கிரிப்டோ வாலட், அதாவது பிட்காயின் மாதிரி டிஜிட்டல் காசை வைத்து அனுப்பும் வசதி, என்றாலே எல்லோரும் ஹேக்கர் பயத்தில்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஈரமும் ஒரு திருடன்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பீரோவுக்குள் இருக்கும் வீட்டுப் பத்திரமே பூஞ்சை பிடிக்கிறது, ஜெல் பேனாவில் எழுதி வைத்த 12 சீட் வார்த்தைகள் (வாலட்டை மீட்டெடுக்கும் ரகசிய வார்த்தைகள்) எந்த மூலைக்கு? அதனால் எக்ஸ்சேஞ்ச் கணக்கு, ஹார்டுவேர் வாலட், ஸ்மார்ட் வாலட் என்ற மூன்று வகையையும் இரண்டே கேள்வி வைத்துப் பார்க்கிறேன்: போன் தொலைந்தால் பணம் திரும்ப வருமா, அனுப்பும் முன் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரியுமா.

காயின் வாங்கி விற்கும் நிறுவனத்தில் வைக்கும் எக்ஸ்சேஞ்ச் கணக்கு சுலபம், பாஸ்வேர்ட் மறந்தாலும் பான் கார்டும் செல்ஃபியும் காட்டி உள்ளே போய்விடலாம். ஆனால் சாவி, அதாவது காசை நகர்த்தும் ரகசிய எண், அந்த நிறுவனத்தின் கையில். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் திருட்டுப் போனபோது சாதாரணக் கணக்குக்காரர்களின் காயின்களும் ஒரு வருடத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தன. விற்கப் போகிற அளவுக்கு மட்டும் அங்கே வைக்கலாம். (எங்கே வைத்தாலும் லாபத்தில் 30 சதவீதம் வரி, அது தனிக் கதை.)

லெட்ஜர், டிரெசர் மாதிரி ஹார்டுவேர் வாலட் கையடக்கமான தனிக் கருவி, சாவி அதை விட்டு வெளியே வராது, திருடனுக்கு எதிராக இதுதான் கெட்டி. கருவி கெட்டுப்போனால் சீட் வார்த்தைகள்தான் கதி. இங்கே வடிவமைப்பில் நல்லதும் உண்டு, எரிச்சலும் உண்டு. சீட் வார்த்தைகள் எடுக்கப்படும் ஆங்கிலப் பட்டியலில் இருக்கும் 2048 வார்த்தைகளில் எதையும் முதல் நான்கு எழுத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம், ஆகவே இரண்டு ஸ்டீல் தகட்டில் நாலு நாலு எழுத்தாக அடித்து வைத்தால் போதும், ஈரம் ஒன்றும் செய்யாது. கடைசி வார்த்தைக்குள் ஒரு சரிபார்ப்பும் இருக்கிறது. 12-ல் ஒரு வார்த்தை மாறிப்போனால் பெரும்பாலும், அதாவது 16-க்கு 15 தடவை, வாலட்டே கண்டுபிடித்துவிடும். சரி, ஆனால் அந்தப் பட்டியல் ஜப்பானிய, கொரிய மொழிகளில் எல்லாம் இருக்கிறது, தமிழில் இல்லை. பையன் வாசிக்க அம்மா எழுதினால் வலதுபக்க 'ரைட்'டா எழுதுகிற 'ரைட்'டா என்று குழம்புவார், இரண்டுமே பட்டியலில் உண்டு. அப்புறம், இரண்டு தகட்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள், மண்சரிவு வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்; ஒன்று கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கட்டும்.

மூன்றாவது, ஸ்மார்ட் வாலட்: காசை யார், எப்படி எடுக்கலாம் என்ற விதிகளை நிரலாகவே எழுதி வைத்த வாலட். 2023 மார்ச்சில் எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பில் இதற்கான ஈஆர்சி-4337 என்ற தரநிலை வந்த பிறகு இது பரவலாகப் பேசப்படுகிறது. போன் போனால், முன்பே நியமித்த காப்பாளர்களில் (நமக்கு நம்பிக்கையானவர்கள்) பெரும்பான்மையோர் ஒப்புதல் கொடுத்துச் சாவியை மாற்றலாம், நடுவில் ஓரிரு நாள் காத்திருப்பு வைத்துக்கொண்டால் யாராவது கூட்டுச் சேர்ந்து ஏமாற்றப் பார்த்தாலும் நாம் ரத்து செய்ய நேரம் இருக்கும். தினசரி வரம்பும் போடலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஒரு குறையோடு: நிறைய செயலிகள் திறப்பதற்குக் கைரேகையைத்தான் முன்னால் நீட்டுகின்றன. வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்த விரல் ரேஷன் கடை மெஷினிலேயே பதிய மாட்டேன் என்கிறது, போன் மட்டும் பதியுமா? பின் நம்பர் வழி கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும், மூன்றாவது மெனுவுக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. காப்பாளர்கள் எல்லோரும் ஒரே லைன் வீட்டில் இருந்தாலும் பிரயோஜனமில்லை.

எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரியுமா என்ற இரண்டாவது கேள்வியில் மூன்றுமே சுமார். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் ஏறக்குறைய 150 கோடி டாலர் போனது நினைவிருக்கும். பரிமாற்றத்துக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர்களிடம் ஹார்டுவேர் கருவி இருந்தது, கணினித் திரையில் வழக்கமான பரிமாற்றம் போலத்தான் தெரிந்தது, உள்ளே வேறு உத்தரவு. கருவியின் குட்டித் திரையில் நீளமான எண் எழுத்துக் குவியல் ஓடினால் யார் படிப்பார்கள்? இன்னொரு தொல்லை, முகவரியின் முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் ஒத்துப்போகிற போலி முகவரியிலிருந்து சில்லறை அனுப்பி நம் பரிமாற்றப் பட்டியலில் நுழைவது; அடுத்த தடவை நாம் ஏமாந்து அதற்கே அனுப்பிவிடுவோம். நடுவில் புள்ளி வைத்துச் சுருக்கிக் காட்டும் வாலட் அந்தத் திருடனுக்கு உதவி செய்கிறது. 'இந்த முகவரிக்கு இதற்கு முன் நீங்கள் அனுப்பியதே இல்லை' என்று தமிழில் ஒரு வரி, பெரிய எழுத்தில் காட்டினால் போதும்.

இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால், எத்தீரியம் பக்கம் கொஞ்சமாக வைத்திருப்பவருக்குக் காப்பாளர் வசதியுள்ள ஸ்மார்ட் வாலட்டையே சொல்வேன். பிட்காயினில் அந்த வசதி இல்லை, அதற்கு ஹார்டுவேரும் இரண்டு ஸ்டீல் தகடும்தான்.