ஏழு வருஷ டாப்சோனியனும் "தெரியுதுண்ணே" என்ற பொய்யும்

சேலத்தில் இருக்கும் கல்லூரி நண்பன் போன வாரம் போன் செய்தான். "மாப்ள, பொண்ணுக்கு டெலஸ்கோப் வாங்கலாம்னு இருக்கேன். நீ வச்சிருக்கிற அதே ஆறு இஞ்ச் டாப்சோனியன், இப்ப வெல இறங்கியிருக்கு. வாங்கிரட்டுமா?" அன்றைக்கு நான் இருந்த மனநிலையில் வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டேன். நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழு வருஷமாக இந்த டாப்சோனியன் ஓடுகிறது. அடிப்பெட்டியில் உட்கார வைத்து, கையாலேயே திருப்புகிற கண்ணாடித் தொலைநோக்கி. 150 மி.மீ. கண்ணாடி, 1200 மி.மீ. குவியத்தூரம். கண்ணாடியைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமிக்குள் ஒரு நாள் நிலாவைப் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் தன் நிழலைத் தானே சுமந்துகொண்டு நிற்கும். பௌர்ணமிக்கு அந்த நிழல் இல்லாததால் எல்லாம் சப்பென்று ஆகிவிடும். சனியின் வளையத்தை முதல் தடவை பார்த்த எதிர்வீட்டு ஆச்சி, "எய்யா, இது உள்ள படம் ஏதும் ஒட்டி வச்சிருக்கியா?" என்று குழாயின் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்க முடிகிற உயரத்தில் ஐபீஸ், அதாவது கண்ணை வைக்கும் லென்ஸ், இருப்பதால்தான் மூட்டுவலியோடு அவரால் பார்க்க முடிந்தது. அந்த ஒரு காரணத்துக்கே இந்த அமைப்பைக் கும்பிடலாம்.

அடிப்பெட்டி மரத்தூள் பலகை. ஒரு ஐப்பசி மழையில் சாரல் பட்டு ஓரம் உப்பிவிட்டது, ஆசாரி சரிசெய்து கொடுத்தார். கண்ணாடியை ஒரே ஒரு முறை கழற்றி, காய்ச்சி வடித்த தண்ணீரில் தேய்க்காமல் அலசி மாட்டினேன். மற்றபடி செலவே வைக்கவில்லை.

என் கோபமெல்லாம் இதோடு வந்த ஃபைண்டர் மேல்தான். பார்க்க வேண்டியதைக் குறிவைப்பதற்காகப் பெரிய குழாயின் முதுகில் உட்கார்ந்திருக்கும் குட்டிக் குழாய். அதில் வானம் தலைகீழாகத் தெரியும். வியாழன் மேலே இருக்கிறதே என்று குழாயை மேலே தள்ளினால் அது இன்னும் விலகிப் போகும். எனக்குப் பழகிவிட்டது, கை தானாக எதிர்ப்பக்கம் போகும். புதிதாக வருகிறவருக்கு? கழுத்தை ஒடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, இரண்டு நிமிஷம் துழாவிவிட்டு, "நீங்களே வச்சுக் குடுங்க" என்று ஒதுங்கிக்கொள்வார். ஆசையோடு படியேறி வந்தவரை வேடிக்கை பார்ப்பவராக ஆக்கிவிடுகிறது அந்தக் குட்டிக் குழாய்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. ஜான் டாப்சன் இந்த அமைப்பை உருவாக்கியதே வழியில் போகிறவருக்காக. சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த மடத்தில் துறவியாக இருந்தபோது, வேண்டாம் என்று போட்ட பொருட்களைக் கொண்டு தொலைநோக்கி செய்தார். 1967இல் மடத்தை விட்டு வெளியே வந்த பிறகும் தெருவோரத்தில் நிறுத்தி, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அவர் பெயரைத் தாங்கி விற்கும் பெட்டிக்குள் தலைகீழ் ஃபைண்டர். பெட்டியின் மேலே வண்ண வண்ண நெபுலா படம், அதாவது விண்வெளியில் இருக்கும் வாயு, தூசி மேகம். கண்ணால் பார்த்தால் அது சாம்பல் பூசிய பஞ்சு மாதிரித்தான் இருக்கும் என்று எங்கேயும் ஒரு வரி கிடையாது. கூடவே வந்த கையேடு முதல் பக்கத்திலேயே கொலிமேஷனை, அதாவது உள்ளே இருக்கும் கண்ணாடிகளை நேராக்குகிற வேலையை, ஆரம்பிக்கிறது.

தை மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெருவிலிருந்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்திருந்தான். வரிசையில் நாலாவது ஆள். 10 மி.மீ. ஐபீஸில், அதாவது குவியத்தூரம் 1200ஐ 10ஆல் வகுத்து 120 மடங்கில், வியாழனை நடுவில் நிறுத்தியிருந்தேன். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அந்தப் பெருக்கத்தில் நடுவில் வைத்த கிரகம் ஒரு நிமிஷத்துக்குள் ஓரத்தைத் தாண்டிவிடும். பையன் கண்ணை வைத்தான். "தெரியுதாடே?" "தெரியுதுண்ணே. சூப்பரா இருக்கு." கீழே இறங்கிப் போய்விட்டான். நான் குனிந்து பார்த்தேன். வெறும் இருட்டு. அவன் பார்த்ததும் அந்த இருட்டைத்தான். என் மனசு நோகக்கூடாது என்று பொய் சொல்லியிருக்கிறான். ஏழு வருஷத்தில் இப்படி எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம் மூன்று விஷயம் மாறிவிட்டது. ஃபைண்டரைக் கழற்றிவிட்டுச் சிவப்புப் புள்ளி காட்டுகிறதை மாட்டினேன். இரண்டு கண்ணையும் திறந்து வைத்து, புள்ளியைக் கிரகத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினால் போதும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்கிறது. யார் வந்தாலும் முதலில் 25 மி.மீ. ஐபீஸ்தான். 48 மடங்குதான், வியாழன் சின்னதாகத் தெரியும், ஆனால் நடுவில் வைத்தால் இரண்டு நிமிஷம் நிற்கும். ஓரத்தில் நுழைகிற மாதிரி வைத்தால் மறு ஓரம் போக நாலு நிமிஷம். ஐபீஸோடு சேர்த்து என் கேள்வியையும் மாற்றிக்கொண்டேன். "தெரியுதா" என்று கேட்பதே இல்லை. "பக்கத்துல எத்தன புள்ளி இருக்கு, எந்தப் பக்கம்?" என்று கேட்கிறேன். நாலு நிலா, சில நாள் ஒன்று வியாழனுக்குப் பின்னால் போய் மூன்றாகும். எண்ணிச் சொல்கிற குரலிலேயே தெரிந்துவிடும், பார்த்துவிட்டார்கள் என்று. எண்ணிக்கை வராவிட்டால் மறுபடியும் வைத்துக் கொடுக்கிறேன்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பனுக்கு நான் சொன்ன பதில்: வாங்காதே. இப்போதைக்கு 10x50 பைனாகுலர் (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) ஒன்று வாங்கிக் கொடு. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் என் குழாயில் முழுசாக அடங்காது, பைனாகுலரில்தான் அதன் அழகே. தலைகீழ் எதுவும் இல்லை, தேடித் துழாவ வேண்டியதும் இல்லை. விலை இறங்கியது உண்மைதான். அந்தப் பெட்டியைத் தனியாகப் பிரித்து, தனியாகத் துழாவி, ஒன்றும் அகப்படாமல் உன் மகள் உன்னிடம் "தெரியுதுப்பா" என்று சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பையன் இன்னும் மாடிக்கு வரவில்லை. அவன் அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

பரீட்சை லீவில், வளர்பிறையாகப் பார்த்து மகளைக் கூட்டிக்கொண்டு வா. நாற்காலி போட்டு வைக்கிறேன். குழாயை அவளே திருப்பி, வியாழன் பக்கத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணிச் சொல்லட்டும். கடைக்காரனுக்குப் பணம் அதற்கப்புறம் கட்டலாம்.