பழைய சோலர் பனல்களை “அகற்றித் தருவோம்” என்பவர்களிடம் அவதானமாக இருங்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வீட்டுக் கூரைகளுக்குச் சோலர் பனல் பூட்டுகின்ற ஒரு நிறுவனம், பழைய பனல்களைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கென என்னிடம் தனிக் கட்டணம் அறவிட்டுவிட்டு, அவற்றை ஊருக்குள்ளேயே வீசியிருக்கிறது.

தேங்காய் விழுந்து வெடித்த பனல்களை மாற்றியபோது, அனுமதிபெற்ற மீள்சுழற்சி நிலையத்துக்கு அனுப்புவதாகப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தந்தார்கள். சில வாரங்களின் பின், எங்கள் ஒழுங்கைக்கு அப்பாலுள்ள பனங்காணியில் அலுமினியச் சட்டங்கள் கழற்றப்பட்டு, வயர்கள் வெட்டியெடுக்கப்பட்டு, நனைந்த பாயைப்போல் தொய்ந்து கிடந்த கண்ணாடித் தகடுகளைப் பக்கத்து வளவுக்காரர் காட்டினார். பின்புற லேபல்களைச் சுரண்டியிருந்தார்கள். ஆனால் அந்தப் பனல்களில் தொடரிலக்கம் கண்ணாடிக்கு உள்ளேயும் பதிக்கப்பட்டிருந்தது. என் உத்தரவாத அட்டையிலிருந்த இலக்கங்களுடன் அவை ஒன்றுவிடாமல் பொருந்தின. ஒரு மூலையில், பனலின் பின்புறத்தை மூடியிருக்கும் பின்தாள்களைக் கொளுத்திய கரியும் கிடந்தது.

தொலைபேசியில் கேட்டபோது, “அது வெறும் கண்ணாடிதானே ஐயா” என்றார் மேற்பார்வையாளர். பனலின் நிறையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கண்ணாடி என்பது உண்மைதான். எஞ்சியதில்தான் வில்லங்கம் இருக்கிறது. சிலிக்கன் கலங்களை இணைக்கும் செப்புப் பட்டிகளின் மேல் ஒட்டுவதற்காகப் பூசப்படும் பற்றாசில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். சிலவகை மென்படலப் பனல்களில் கட்மியம் என்னும் நச்சு உலோகம் உண்டு. கூரையில் முழுதாக இருக்கும்வரை இவை வெளியே வருவதில்லை. நொறுங்கி மழையில் ஊறும்போது கரைந்து கசியக்கூடும். பல பனல்களின் பின்தாளில் புளோரின் சேர்ந்த பிளாஸ்டிக் இருப்பதால், அதை எரித்தால் ஐதரசன் புளோரைட்டு என்னும் அரிக்கும் நச்சுவாயு வெளிப்படலாம். வற்றாத ஆறில்லாத, கிணற்று நீரையே நம்பியிருக்கின்ற எங்கள் குடாநாட்டில், மேலே கொட்டப்படுவது சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடாக எவ்வளவு விரைவாக நிலத்தடி நீரைச் சேரும் என்பதைச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இலத்திரனியற் கழிவைச் சேகரிக்கவும் கொண்டுசெல்லவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் வந்த ஒழுங்குவிதிகள் அதைக் கட்டாயமாக்கின. ஆகவே பனல்களைக் கழற்ற விடுவதற்கு முன்னரே அப்பத்திரத்தின் பிரதியைக் கேட்டுக் காலாவதித் திகதியைப் பாருங்கள். தொடரிலக்கங்கள் அனைத்தையும் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மீள்சுழற்சியாளர் பொறுப்பேற்ற கடிதம் கைக்கு வரும்வரை அகற்றற் கட்டணத்தைக் கொடாதிருப்பது. இதற்குச் சம்மதியாத நிறுவனத்திடம் வேலையையே கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதுவரை உடைந்த பனல்களை மழைபடாத கொட்டிலில், கண்ணாடிப் பக்கம் கீழாக வைத்து மூடிவிடுங்கள். உடைந்த பனலும் வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரலாம் என்பதால், வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் கிட்ட விடாதீர்கள்.

பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முறையிட்ட பிறகு, அதே லொறி வந்து தகடுகளை அள்ளிச் சென்றது. எங்கே கொண்டுபோனார்கள் என்பதற்கு இன்றுவரை கடிதமில்லை; கட்டணமும் திரும்பவில்லை. எரித்த இடத்து மண்ணை எவரும் தொடவில்லை. உங்கள் பற்றுச்சீட்டிலும் அகற்றற் கட்டணம் என்றொரு வரி இருந்தால், தொடரிலக்கங்களைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கேளுங்கள்.