தோலுக்கடியில் மின்தூண்டியுடன் ஏழாண்டுகள்

நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோய்க்காக என் மூளைக்குள் இரண்டு மின்முனைகளும், வலப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு மின்தூண்டியும் பொருத்தப்பட்டு ஏழாண்டுகள் நிறைவடைந்துவிட்டன. நான் கல்லிடைக்குறிச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். டி.பி.எஸ். எனப்படும் இந்த ஆழ்மூளைத் தூண்டல் கருவியைப் பற்றி நம் பகுதி நோயாளிகளின் வீட்டார் கேட்பதெல்லாம் அறுவை சிகிச்சையைப் பற்றியே இருக்கிறது. சொல்ல வேண்டியதோ அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றித்தான்.

இந்நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரை எனக்கு எட்டாண்டுகள் கைகொடுத்தது. பிறகு அதன் பலன் இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. பலன் இருக்கும்போது உடல் தானாக முறுக்கி ஆடியது. அது வடிந்ததும் ஆற்றுப் படித்துறையில் இறங்கிய கால் ஏற மறுத்தது. புரத உணவு அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், வீட்டில் பாசிப்பருப்புச் சொதி வைத்த நாளிலும் மாத்திரை விழுங்கி அரைமணி நேரம் கழித்தே சாப்பிட உட்கார்ந்தேன்.

முற்காலத்தில் நடுக்கத்தை நிறுத்த மூளையின் ஒரு சிறு பகுதியைச் சுட்டழிப்பார்கள்; அழித்ததை மீட்க முடியாது. 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் குழுவினர், வினாடிக்கு நூறு முறைக்கு மேல் துடிக்கும் மின்தூண்டலைத் தொடர்ந்து கொடுத்தால் அழிக்காமலேயே நடுக்கம் அடங்குவதைக் காட்டினார்கள். கூட்டவும் குறைக்கவும் முடிவதுதான் இக்கருவியின் பெருமை. அப்படியானால் கூட்டிக் குறைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதை நான் பொருத்திக்கொண்ட பிறகே முழுமையாக உணர்ந்தேன்.

முதல் ஆறு மாதங்களில் மட்டும் ஐந்து முறை சென்னைக்குப் போனேன். மருந்தில்லாத நிலையில்தான் அளவு பார்ப்பார்கள் என்பதால் முந்தைய இரவே மாத்திரையை நிறுத்திவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்திருப்பேன். புரண்டு படுக்கக்கூட என் மனைவிதான் கைகொடுக்க வேண்டும். ஒவ்வொரு மின்முனையிலும் உள்ள நான்கு தொடுமுனைகளில் எதற்கு எவ்வளவு மின்சாரம் என்று மருத்துவர் பொறுமையாகத் தேடுவார். ஓரிடத்தில் விரல்கள் மரமரக்கும், இன்னோரிடத்தில் நாக்குக் குழறும். நான்காவது பயணத்தில், எறும்பு வரிசைபோலச் சிறுத்துப்போயிருந்த என் கையெழுத்து கடைசி எழுத்து வரை சுருங்காமல் வந்தது. மாத்திரையும் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்தது. ஆகவே எந்த மருத்துவமனைக்குப் போனாலும், பொருத்திய பின் சரிப்படுத்துபவர் யார், அவர் இல்லாத நாளில் யாரிடம் வர வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னுடையது வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் வகை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் வட்டச் சுருளை மார்பின் மேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பேன். 2023 டிசம்பர் 17ஆம் தேதியும் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைய பெருமழையில் சார்ஜ் ஏற்றுமுன்பே மின்சாரம் போய்விட்டது. தாமிரபரணி கரைபுரண்ட அந்நாட்களில் நான் வெள்ளத்துக்கு அஞ்சியதைவிட, கருவி நின்றால் உடல் மொத்தமாக இறுகிவிடுமே என்றுதான் அஞ்சினேன். மூன்றாம் நாள் ஜெனரேட்டர் வைத்திருந்த உறவினர் வீட்டில் ஏற்றிக்கொண்டேன். அன்றுமுதல் புதன், ஞாயிறு என இரண்டு நாட்கள் ஏற்றுகிறேன். மழைக்காலத்தில் அளவு பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

தோள்வலிக்காகப் போன ஓரிடத்தில், நான் கருவியைப் பற்றிச் சொல்லியும் டயாதெர்மி வெப்பச் சிகிச்சைக்குத் தயார் செய்தார்கள். அது மின்முனை வழியாக மூளைத் திசுவையே சுட்டுவிடக்கூடியது. இக்கருவி உள்ளவர்களுக்கு அறவே கூடாது. கருவியின் அடையாள அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

கருவி திருப்பித் தராதது என் குரல். முப்பதாண்டுகள் வகுப்பின் கடைசி வரிசை வரை கேட்ட குரல் இன்று அடுத்த நாற்காலிக்கே எட்டுவதில்லை. "தாத்தா, கேக்கலை" என்று பேத்தி சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. மின்னளவைக் குறைத்தால் பேச்சுத் தெளிகிறது, கால் இறுகுகிறது. அதனால் மருத்துவர் இரண்டு அமைப்புகளைப் பதிந்து, மாற்றிக்கொள்ளும் கருவியை என் கையில் கொடுத்திருக்கிறார். மாலையில் பேத்திக்குப் பாடம் சொல்லும் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த அமைப்புக்கு மாறிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் நான் நாற்காலியை விட்டு எழுவதில்லை.