நிலாவெளி வீதி நாற்றுமேடையில் வாங்கிய டிராகன் பழக் கன்றுகள்: மூன்று பெயர்கள், ஒரே தாய்ச்செடியா?

திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள ஒரு நாற்றுமேடையில் இரண்டு வருடங்களுக்கு முன்னர் பன்னிரண்டு டிராகன் கன்றுகளை வாங்கி, சாம்பல்தீவிலுள்ள எமது வளவில் கொங்கிரீட் தூண்களில் ஏற்றினேன். மூன்று பெயரட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு கன்றுகள். மூன்றுமே சிவப்புச் சதை வகைகள் என்றார்கள். கன்றுகளின் வளர்ப்பில் குறை சொல்ல இடமில்லை. மணலும் தும்புத்தூளும் கலந்த பைகளில் நன்கு வேர்பிடித்திருந்தன. வறண்ட கச்சான் காற்று வீசிய மாதங்களில் ஒன்றேனும் வாடவில்லை, மாரி மழைக்கு அடித்தண்டு அழுகவுமில்லை.

எனது முறைப்பாடு பெயரட்டைகளைப் பற்றியது.

இவ்வருடம் முதன்முறையாகப் பூத்த பூக்கள் யாவும் சில நாட்களில் மஞ்சளித்து உதிர்ந்தன. டிராகன் பூ இருட்டிய பின் விரிந்து காலையில் வாடிவிடுவதால், அடுத்த முறை இரவில் விளக்குடன் சென்று, ஒரு பெயருக்குரிய செடியின் மகரந்தத்தை மற்றப் பெயருக்குரிய செடியின் சூல்முடியில் தூரிகையால் தடவினேன். அவையும் உதிர்ந்தன. பின்னர் அயல்வீட்டு வெள்ளைச் சதைச் செடியிலிருந்து மகரந்தம் கொண்டுவந்து தடவிய பூக்கள் பெரும்பாலும் பிடித்து, ஒரு மாதம் கடந்ததும் பழுத்தன.

சிவப்புச் சதை வகைகளில் பல, தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. தண்டை வெட்டி நடுவதால் கிடைக்கும் கன்றுகள் அனைத்தும் மரபளவில் தாய்ச்செடியின் நகல்களே என்பதால், நூறு கன்றுகள் நின்றாலும் பூவுக்கு அவை ஒரே செடிதான். வெவ்வேறு பெயருடையவை தமக்குள் காய்க்க மறுத்ததால், மூன்றும் ஒரே தாயிலிருந்து வந்தவை என்று வலுவாகச் சந்தேகிக்கிறேன். முள் எண்ணிக்கையையும், முள் கொத்துகளுக்கிடையிலான தூரத்தையும், தண்டு விளிம்பின் வடிவத்தையும் ஒப்பிட்டபோதும் வேறுபாடு தெரியவில்லை. ஆயினும் வெயிலுக்கும் நீருக்கும் ஏற்பத் தண்டின் தோற்றம் மாறும் என்பதால் கண்ணால் கண்டது முடிவாகாது. இதனாலேயே ஆய்வாளர்கள் எஸ்.எஸ்.ஆர். போன்ற டி.என்.ஏ. குறிகாட்டிகளை நாடுகின்றனர்: டி.என்.ஏ.யில் சிறு எழுத்துத் தொடர்கள் அடுத்தடுத்து எத்தனை தடவை வருகின்றன என்பது செடிக்குச் செடி வேறுபடுவதால், பல இடங்களில் அந்த எண்ணிக்கையை ஒப்பிட்டால் பெயர் வேறாயினும் நகல் நகலாகவே தெரிந்துவிடும்.

விளைச்சல் மட்டுமன்று எனது கவலை. தண்டில் புண் உண்டாக்கும் பூஞ்சண நோய்க்கு ஒரு செடி இலகுவில் ஆளாகுமானால், அதன் நகல்களால் நிறைந்த தோட்டம் முழுவதும் அதே அளவுக்கு ஆளாகும்.

நாற்றுமேடைக்காரர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். தண்டுகள் தமக்கு வந்தபோதே அப்பெயர்களுடன் வந்தன என்றும், தாய்ச்செடிகளைத் தாம் பார்த்ததில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன், ஆனால் தாய்ச்செடி தெரியாத தண்டுக்குத் தனிப் பெயர் எழுதி விற்பது சரியல்ல என்பதை அவரிடமே கூறினேன். அங்கு உண்மையான பல்வகைமையும் இருக்கிறது: ஏனைய வகைகளுக்கு கலத்துக்கு 22 நிறமூர்த்தங்கள் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) இருக்க, 44 கொண்ட மஞ்சள் தோல் வகையும், வெள்ளைச் சதை வகையும் தனித்தனியே வளர்க்கப்படுகின்றன.

வேர்பிடித்த, நோயற்ற கன்று தேவைப்படுவோர் தயங்காமல் போகலாம். சிவப்புச் சதையை மட்டும் பல பெயர்களில் வாங்கி வரவேண்டாம். நான் அங்கேயே வெள்ளைச் சதைக் கன்றுகள் இரண்டை வாங்கி, சிவப்புத் தூண்களுக்கு நடுவே நட்டிருக்கிறேன்.