கம்ப்யூட்டர் எத்தனை யூனிட் இழுக்கிறது? அளந்து பார்த்த நான்கு வழிகள்

தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த சலுகையும் போய்விடும். எங்கள் வீட்டுக் கணக்கு அந்தக் கோட்டைத் தாண்டியதும், "உன் கம்ப்யூட்டர்தான் இழுக்குது" என்றார் அம்மா. ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட, ரெண்டரிங் (காட்சிகளைக் கணக்கிட்டுப் படமாக்கும்) வேலைக்கான மெஷின் அது. எவ்வளவு இழுக்கிறது என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதனால் அளக்க ஆரம்பித்தேன்.

முதலில் கைக்கு எட்டியது மென்பொருள். காசு செலவில்லை. ரெண்டர் ஓடும்போது கார்டு 340 வாட், பிராசஸர் 90 வாட் என்று காட்டியது. மொத்தம் 430 என்று குறித்துக்கொண்டேன். அப்புறம் சுவர் சாக்கெட்டில் வாட் மீட்டரைச் செருகிப் பார்த்தால் 535! மதர்போர்டு, ரேம், ஃபேன் எதையும் மென்பொருள் கணக்கில் சேர்க்கவில்லை. பவர் சப்ளை ஏசியை டிசியாக மாற்றும்போது வெப்பமாகப் போகும் பத்து சதவீதம் அளவும் அதன் கண்ணில் படாது. நாம் காசு கட்டுவதோ சுவரிலிருந்து எடுப்பதற்கு. கார்டின் பவர் லிமிட்டை, அதாவது அது எடுக்கும் வாட்டின் உச்சவரம்பை, குறைத்துச் சோதிப்பவருக்கு மென்பொருள் நல்ல துணை. பில்லுக்கு அதை நம்பாதீர்கள்.

எலக்ட்ரீஷியன்கள் வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் டாங் டெஸ்டரை இதற்கு வாங்க வேண்டாம். சாதாரண வகை ஆம்பியரைக் காட்டும்; வாட்டைக் காட்டாது. யூனிட்டைக் கூட்டி வைக்காது. முழு வயரையும் சேர்த்துப் பிடித்தால் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துவிட்டு, பூஜ்யம்தான் வரும்.

ஆக, உண்மையான போட்டி வாட் மீட்டருக்கும், அளந்ததை வைஃபையில் போனுக்கு அனுப்பும் ஸ்மார்ட் பிளக்குக்கும்தான். வாட் மீட்டருக்கு வைஃபை வேண்டாம், செயலி வேண்டாம். செருகினால் போதும். ஆனால் சாக்கெட் மேசைக்கடியில் இருக்கிறது. எண்ணைப் படிக்க ஒவ்வொரு முறையும் டார்ச்சோடு குனிய வேண்டியிருந்தது. என்னுடையதில் பேட்டரி இல்லாததால், ஒன்பது நாள் கூட்டி வைத்த யூனிட் ஒரு மின்வெட்டில் அழிந்துபோனது. ஸ்மார்ட் பிளக்கில் மணிக்கு மணி வரைபடம் போனுக்கே வருகிறது. எனக்கு உண்மையைக் காட்டியது அந்த வரைபடம்தான்.

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ரெண்டர் ஓடுவது நாளுக்கு 4 மணி நேரம்: 535 வாட் வீதம் 60 நாளில் 128 யூனிட். மீதி 20 மணி நேரம் மெஷின் சும்மா நின்று 80 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. சின்ன எண்தானே என்று விட்டிருந்தேன். 60 நாளில் அது 96 யூனிட்! வேலையே நடக்காத நேரத்துக்கு இவ்வளவு. எந்தக் கணத்தில் எத்தனை வாட் என்பதைவிட, நாள்கணக்கில் எத்தனை யூனிட் சேர்கிறது என்று பார்க்கும் கருவிதான் வேண்டும். இப்போது வேலை முடிந்ததும் மெஷின் ஸ்லீப்புக்குப் போய்விடுகிறது.

ஸ்மார்ட் பிளக்கில் இரண்டு விஷயம் கவனியுங்கள். போனில் கை தவறிப் பட்டால் ரெண்டர் நடுவில் மெஷின் அணைந்துவிடும். கரண்ட் போய் வந்தபின் தானாக ஆன் ஆகுமா என்பதையும் அமைப்பில் பார்த்து வையுங்கள். யூபிஎஸ் இருந்தால் பிளக்கை அதற்கு முன்னால் போடுங்கள்; யூபிஎஸ் தின்பதும் கணக்கில் வரும். 16 ஆம்பியர் வகையாக வாங்குவதே நல்லது. ஒரு மணி நேர ரெண்டருக்குப் பிறகு பிளக்கின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடு கொதித்தால் சாக்கெட் லூசாக இருக்கலாம்.

வாங்கிய கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க வாசலில் உள்ள ஈபி மீட்டரே போதும். அதில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் 3200. ஃப்ரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ரெண்டரை ஓடவிட்டு, ஸ்டாப்வாட்சோடு நின்றேன். விளக்கு 20 முறை மின்ன 42 நொடி. கணக்குப் போட்டால் 536 வாட். ஸ்மார்ட் பிளக் அப்போது 533 காட்டிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்ட தாளை அம்மாவிடம் காட்டினேன்.