30-06 ரைஃபிளில் 180 கிரெய்னா, 220 கிரெய்னா?

30-06 என்ற வேட்டை ரைஃபிள் தோட்டாவுக்கு 180 கிரெய்ன் (குண்டின் எடை அலகு, ஒரு பவுண்டுக்கு 7,000) குண்டு நல்ல தேர்வு, அதில் சண்டைக்கு இடமில்லை. சாதாரண மான் வகைகளுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. ஆனால் அடர்ந்த காட்டில், 200 கெஜத்துக்குள், பெரிய காட்டுப்பன்றி, மூஸ் என்ற மிகப் பெரிய மான் மாதிரி கனத்த தோள் எலும்புள்ள விலங்குகளைச் சுடுகிறவர் 220 கிரெய்ன் மொட்டை முனைக் குண்டுக்கு மாறலாம் என்பது என் கட்சி. நான் மாறியதும் அந்தக் காரணத்துக்காகத்தான். ஆனால் இந்தத் தேர்வைக் குண்டுப் பெட்டியை வைத்துச் செய்ய முடியாது. குழலுக்குள் புரி, அதாவது குண்டைச் சுழல வைக்கும் சுருள் பள்ளம், எப்படி வெட்டியிருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எண்கள். ஃபேக்டரி தோட்டாவில் 180 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 2,700 அடி வேகத்தை ஒட்டிக் கிளம்பும், 220 கிரெய்ன் 2,400 அடியை ஒட்டி. ஆற்றல் கணக்கில் 180தான் ஒரு கை மேல்: சுமார் 2,910 அடி-பவுண்டுக்கு எதிராக 2,810. உந்தத்தில் 220 எட்டு சதவீதத்துக்கு மேல் முந்தும். துளைத்துப் போகும் ஆழத்துக்கு இவற்றைவிட முக்கியமான எண் வேறொன்று. குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலத்தில் அளந்த விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது. 180க்கு 0.271, 220க்கு 0.331. ஒரே தடிமனுக்குப் பின்னால் இருந்து தள்ளும் எடை கூடுதல். முட்டும் வேகமும் குறைவு என்பதால் குண்டு எலும்பில் பட்டுச் சிதறுவதும் குறைகிறது. பக்கத்தில் வேகமாகப் போய் விழும் லேசான குண்டு தோளைச் சுற்றி ரத்தம் கட்டி வீணாக்கும் இறைச்சியும் இதில் குறைவுதான்.

உதை பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். எட்டு பவுண்டு ரைஃபிளில் கணக்குப் போட்டால் 20 அடி-பவுண்டு 22ஐ ஒட்டிப் போகும், அவ்வளவுதான். தோளுக்குத் தெரியும், தாங்க முடியாதது இல்லை.

இனி புரி. குழலுக்குள் வெட்டிய புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகிறதோ அதுதான் ட்விஸ்ட். 30-06க்குப் பெரும்பாலும் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இது தற்செயல் இல்லை. 1903இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட முன்னோடித் தோட்டா 220 கிரெய்ன் மொட்டை முனைக் குண்டுக்காகவே செய்யப்பட்டது. 1906இல் குண்டு 150 கிரெய்ன் கூர்முனையாக மாறியது, தோட்டாவின் கழுத்து கொஞ்சம் குட்டையானது, புரி அப்படியே இருந்தது. அதனால்தான் 30-06 கனமான குண்டை முகம் சுளிக்காமல் ஏற்கிறது. இதைப் பார்த்து மற்ற காலிபரிலும் (வேறு தோட்டா வகைகளிலும்) கனத்தைக் கூட்டுகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

குண்டை நிலையாகப் பறக்க வைக்கத் தேவையான சுழற்சியைத் தீர்மானிப்பது எடையைவிட நீளம். கனம் கூட்டினால் அதே விட்டத்தில் நீளம் கூடும், நீளம் கூடினால் வேகமான புரி, அதாவது குறைந்த அங்குலத்துக்குள் ஒரு சுற்று, வேண்டும். 1879இல் கிரீன்ஹில் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் கொடுத்த சூத்திரம் இன்றும் கைக்கு உதவும்: 150ஐ விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான ட்விஸ்ட் வரும், எல்லாம் அங்குலத்தில். 0.308 அங்குல விட்டத்துக்கு, நீளத்தால் வகுக்கும் முன் 14.2 வரும். குண்டு ஒண்ணேகால் அங்குலம் என்றால் 11.4. அதாவது 10 அங்குலப் புரி தாராளம். ஒன்றரை அங்குலம் என்றால் 9.5, 10 அங்குலப் புரி விளிம்பில் நிற்கிறது. 220இலேயே மொட்டை முனைக்கும், படகு வால் (பின்பக்கம் குறுகும் அடி) வைத்த நீண்ட கூர்முனைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மொட்டை முனை எடையை உடம்பில் அடைத்துக்கொள்ளும், நீளம் அதிகம் வளராது. முழுச் செம்புக் குண்டு வேறு கதை. செம்பின் அடர்த்தி 8.96, ஈயத்தின் அடர்த்தி 11.34. அதே எடைக்குச் செம்பு நீண்டுவிடும், சூத்திரமும் அதற்கு இன்னும் கறாராகும். செம்பில் 180 என்பதே இந்தக் காலிபருக்குக் கனமான குண்டு.

மற்ற தோட்டாக்களைப் பார்த்தால், பழைய 308 ரைஃபிள்கள் பலவற்றில் 12 அங்குலப் புரி. அதில் 150, 165 நன்றாகப் போகும், 200ஐத் தாண்டிய நீளக் குண்டை நம்ப முடியாது. 243இல் 10 அங்குலப் புரி 100 கிரெய்னோடு நிற்கும், 105க்கு மேல் நீளமானவை 8 அங்குலம் கேட்கும். 12 அங்குலப் புரியுள்ள 223, 55 கிரெய்னுக்கானது, 77 அதற்கு ஆகாது.

ரைஃபிளின் விவரக் குறிப்பை மட்டும் நம்பாமல் அளந்துவிடுவது நல்லது. ரைஃபிள் காலியா என்று பார்த்து போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் பாகம்) கழற்றுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிப் பின்பக்கமிருந்து குழலுக்குள் முன்முனை வரை தள்ளுங்கள். கம்பியின் மேற்பக்கத்தில் ஒரு கோடு, ரிசீவரின் (போல்ட் உட்காரும் உடற்பகுதி) பின்விளிம்பை ஒட்டி. இப்போது மெதுவாகப் பின்னால் இழுத்தால் கோடு சுற்றி வந்து மறுபடி மேலே நிற்கும். அந்த இடத்தில் விளிம்பை ஒட்டி இரண்டாவது கோடு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் ட்விஸ்ட். துணி தளர்வாக இருந்தால் வழுக்கி எண் கூடுதலாகக் காட்டும், ஆகவே மூன்று தடவை அளந்து, மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

புரி போதவில்லை என்றால் காகிதம் காட்டிக்கொடுக்கும். 25 கெஜத்தில் தொடங்கி 100க்குப் போங்கள். துளை வட்டமாக, ஓரத்தில் சீரான சாம்பல் வளையத்தோடு இருக்க வேண்டும். முட்டை வடிவமாக இருந்தால் குண்டு தள்ளாடுகிறது. சாவித் துவாரம் மாதிரி நீண்டிருந்தால் பக்கவாட்டில் புரண்டு போகிறது, அந்தக் குண்டு அந்த ரைஃபிளுக்கு இல்லை. இதில் பலர் மறப்பது குளிர். குளிர்ந்த, அடர்ந்த காற்றில் நிலைத்தன்மை குறையும். வெயில் நாளில் விளிம்பில் தப்பித்த குண்டு பனிக்காலக் காலையில் தள்ளாடலாம். வேட்டைக்குப் போகும் பருவத்திலேயே சோதிப்பதுதான் சரி.

180 எங்கே ஜெயிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தூரம். 200 கெஜத்தில் ஜீரோ செய்தால், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 300இல் 180 கூர்முனை எட்டு அங்குலத்தை ஒட்டிக் கீழே விழும், 220 மொட்டை முனை ஓர் அடியை ஒட்டி. அதைவிடப் பெரிய குறை முட்டும் வேகம். மொட்டை முனை 200 கெஜத்தில் 1,870 அடிக்கும், 300இல் 1,630க்கும் இறங்கிவிடுகிறது. ஈய உள்ளகக் குண்டுகள் ஒழுங்காக விரிய 1,800 அடி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மெல்லிய உறையுள்ள பழைய பாணிக் குண்டு அதற்குக் கீழும் விரியலாம், அதை நம்பி ஒரு விலங்கின் மேல் சுடக் கூடாது. எனவே 200 கெஜம் என்பதை நான் எல்லையாகவே சொல்கிறேன். வெட்டவெளியில் வேட்டை என்றால் 180ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

கனமான குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும் என்ற பேச்சும் உண்டு. எந்தக் குண்டும் சுள்ளியில் பட்டால் திசை மாறும். திறந்த வழி இல்லாவிட்டால் விசையைத் தொடாதீர்கள்.

தோட்டாவைத் தானே நிரப்புகிறவர்களுக்கு: நீண்ட குண்டு தோட்டாவின் கூட்டுக்குள் இறங்கி வெடிமருந்துக்கான இடத்தைத் தின்னும், அழுத்தம் ஏறும். 180க்கான மருந்து அளவை 220க்குப் பயன்படுத்தவே கூடாது. மெதுவாக எரியும் மருந்தை எடுத்து, கையேட்டில் அந்தக் குண்டுக்குப் போட்டிருக்கும் ஆரம்ப அளவிலிருந்து ஏறுங்கள். முழு நீளம் 3.34 அங்குலத்தைத் தாண்டினால் மேகசினில் இடிக்கலாம். குண்டு புரியின் தொடக்கத்தில் அழுந்தி உட்கார்ந்தாலும் அழுத்தம் எகிறும். போல்ட் தூக்கக் கடினமானால், பிரைமர் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடி) தட்டையானால், கூட்டின் அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் பாகம்) அச்சு பதிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

எடையை மாற்றினால் ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்தே ஆக வேண்டும். 100 கெஜத்திலேயே 180உம் 220உம் வேறு வேறு இடத்தில் விழும், மேலே கீழே மட்டுமல்ல, சில குழல்களில் பக்கவாட்டிலும். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் காட்டுக்குள் போகாதீர்கள்.